நீர்வரத்தைக் கணித்தாயிற்று, மதகை யார் திறப்பது?

2012 டிசம்பரில் வடக்குக் கலிஃபோர்னியாவின் மெண்டோசினோ ஏரிக்கு நல்ல மழை கிடைத்தது. ரஷ்யன் ஆற்றின் கிழக்குக் கிளையில் கட்டிய கொயோட்டி பள்ளத்தாக்கு அணையின் நீர்த்தேக்கம் இது. நம் கணக்கில் மொத்தக் கொள்ளளவு சுமார் ஐந்தே கால் டிஎம்சி. மேட்டூரின் 93.47 டிஎம்சிக்கு முன்னால் சின்ன ஏரிதான். ஆனால் கீழே இருக்கும் திராட்சைத் தோட்டங்களுக்கும் ஊர்களுக்கும் சால்மன் மீன்களுக்கும் இது முக்கியமான ஆதாரம். அணையின் வெள்ள இயக்கத்துக்குப் பொறுப்பான அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் கையேடு, குளிர்காலத்தில் சுமார் மூன்று டிஎம்சிக்கு மேல் தேக்கக் கூடாது என்கிறது. மீதி இடம் வெள்ளத்துக்காகக் காலியாகக் கிடக்க வேண்டும். அதன்படி உபரியைத் திறந்து விட்டார்கள். அப்புறம் மழையே வரவில்லை. 2013, அதுவரை பதிவான ஆண்டுகளிலேயே கலிஃபோர்னியாவின் மிக வறண்ட ஆண்டாகிப் போனது.

மதகைத் திறந்த பொறியாளரைக் குறை சொல்ல முடியாது. ஏற்கெனவே தரையில் விழுந்து ஓடிவரும் தண்ணீரை மட்டும் பார், வானத்தில் இருப்பதைக் கணக்கில் சேர்க்காதே என்பதுதான் அந்தக் கையேட்டின் அடிப்படை. 1950-களில் அது நியாயமான விதி. நாளை மறுநாள் மழை உண்டா என்றே உறுதியாகச் சொல்ல முடியாத காலம் அது. 2012-ல் நிலைமை வேறு. உலகின் பெரிய ஆறுகளில் அடுத்த இரண்டு வாரத்தில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று நாள்தோறும் கணக்கிடும் அமைப்புகள் அப்போதே ஓடத் தொடங்கியிருந்தன. கணிப்பு வளர்ந்துவிட்டது, அணையை இயக்கும் விதிப் புத்தகம் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. நீர் மேலாண்மையில் இன்று தீர்க்க வேண்டிய பெரிய சிக்கல் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் கணிப்பு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். இந்தத் துறையில் அதிகம் பேசப்படுவது 'குளோஃபாஸ்' என்ற உலக வெள்ள முன்னறிவிப்பு அமைப்பு. ஐரோப்பிய ஆணையத்தின் ஆராய்ச்சி மையமும், இங்கிலாந்தின் ரெடிங் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலை மையமும் சேர்ந்து உருவாக்கியது. 2011-ல் சோதனையாகத் தொடங்கி, 2018-ல் ஐரோப்பாவின் கோபர்னிகஸ் அவசரகாலச் சேவையின் கீழ் முழுநேரச் சேவையானது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். நிலப்பரப்பை இது சிறு சதுரங்களாக வெட்டிக்கொள்கிறது. முன்பு ஒரு சதுரத்தின் பக்கம் சுமார் 11 கிலோமீட்டர், 2023-ல் சுமார் 5 கிலோமீட்டராகச் சுருங்கியது. ஒவ்வொரு சதுரத்திலும் எவ்வளவு மழை, அதில் எவ்வளவு ஆவியாகும், எவ்வளவு மண்ணுக்குள் இறங்கும், எவ்வளவு வழிந்தோடும் என்று ஒரு கணக்கு. வழிந்தது அடுத்த சதுரத்துக்குப் போகும், அங்கிருந்து அடுத்ததற்கு. இப்படிக் கடல்வரை தள்ளிக்கொண்டே போனால் ஆறு கிடைக்கும்.

இந்தக் கணக்கை அவர்கள் ஒருமுறை போட்டு நிறுத்துவதில்லை. வளிமண்டலத்தின் இன்றைய நிலையை யாராலும் துல்லியமாக அளக்க முடியாது. இன்று நாம் விடும் சின்னப் பிழை பத்து நாளில் பெரிதாக வளர்ந்துவிடும். அதனால் தொடக்க நிலையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி 51 முறை வானிலையைக் கணினியில் ஓட்டுகிறார்கள். ஆற்றுக்கும் 51 விதமான எதிர்காலம் வருகிறது. அவற்றில் 40-ல் வெள்ள அளவு தாண்டினால், ஏறக்குறைய 80 சதவீத வாய்ப்பு என்று சொல்வார்கள். அணைப் பொறியாளர் கையில் கிடைப்பது இப்படி ஒரு நிகழ்தகவு மட்டுமே. "நாளை மறுநாள் 60,000 கன அடி" என்று ஒற்றை எண்ணைக் கேட்டுப் பழகிய அதிகாரிக்கு இது எரிச்சலூட்டும்.

மழையைத் தெரிந்துகொண்டால் ஆற்றைத் தெரிந்துகொண்டதாக ஆகிவிடாது. கணிப்பின் பாதி ஏற்கெனவே தரையில் இருக்கிறது: மண்ணின் ஈரம், மலை மேல் கிடக்கும் பனி, நிலத்தடி நீர், மேல் பகுதியிலிருந்து இறங்கி வந்துகொண்டிருக்கும் தண்ணீர். மேற்கு அமெரிக்காவின் கொலராடோ ஆறு 2021-ல் இதைப் பட்டவர்த்தனமாகக் காட்டியது. அந்த வசந்தத்தில் மலைகளில் பனி வழக்கமான அளவில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தது. மோசமில்லை என்றுதான் தோன்றும். ஆனால் ஏப்ரல் முதல் ஜூலை வரை அந்த ஆற்றின் பெரிய நீர்த்தேக்கமான பாவெல் ஏரிக்கு வந்து சேர்ந்த நீர், வழக்கத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. முந்தைய ஆண்டு மழை பொய்த்து, மண் காய்ந்து கிடந்தது. புதுப்பானையில் முதலில் ஊற்றும் தண்ணீரைப் பானையே குடித்துவிடுகிற மாதிரி, உருகிய பனியை மலைச்சரிவே உறிஞ்சிக்கொண்டது.

சரி, உலகம் முழுக்க ஒரே கணினி மாதிரியை ஓட்டினால் ஒவ்வொரு ஆற்றுக்கும் அது பொருந்துமா? பொருந்தாது. மாதிரி சொல்லும் அளவும் ஆற்றில் உண்மையில் ஓடும் அளவும் பல இடங்களில் கணிசமாக விலகி நிற்கும். இதற்கு ஒரு கெட்டிக்காரத்தனமான வழி கண்டுபிடித்தார்கள். கடந்த பல பத்தாண்டு வானிலையை அதே மாதிரியில் ஓட்டி, அந்த மாதிரியின் உலகத்தில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் எவ்வளவு, இருபதாண்டுக்கு ஒருமுறை வருவது எவ்வளவு என்று கணக்கிட்டு வைத்துக்கொள்கிறார்கள். இன்றைய கணிப்பை அந்த அளவுகோலோடு ஒப்பிடுகிறார்கள். மாதிரி எப்போதும் கொஞ்சம் குறைத்துச் சொல்லும் வழக்கமுடையது என்றால், அளவுகோலும் அதே அளவு குறைந்திருக்கும். வெள்ள எச்சரிக்கைக்கு இது போதும். ஆனால் அணையில் எத்தனை டிஎம்சி சேரும் என்று கேட்பவருக்கு இது போதாது. அவருக்கு உண்மையான கன அளவு வேண்டும். உலகளாவிய கணிப்பு வெள்ளத்தில் சீக்கிரம் பயன்பட்டு, நீர்ப்பங்கீட்டில் மெதுவாக நகர்வதற்கு இது ஒரு காரணம்.

ஒவ்வொரு நாடும் தன் ஆற்றைத் தானே கணித்துக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். ஆறு எல்லையை மதிப்பதில்லை. உலகில் 300-க்கும் மேற்பட்ட வடிநிலங்கள் (ஓர் ஆற்றுக்கு நீர் வடியும் நிலப்பரப்புகள்) நாடுகளுக்கு இடையே பகிரப்படுபவை. பங்களாதேஷில் ஓடும் ஆற்று நீரில் 90 சதவீதத்துக்கும் மேல் வெளியிலிருந்து வருகிறது. மேலே என்ன நடக்கிறது என்று தெரியாமல் கீழே உட்கார்ந்து வெள்ளத்தைக் கணிப்பது எப்படி? இந்தியாவுக்கே அந்த நிலை வந்ததுண்டு. பிரம்மபுத்திராவின் நீர்நிலைத் தகவல்களைப் பருவமழைக் காலத்தில் சீனா இந்தியாவுக்குத் தருவது என்று 2002-ல் ஒப்பந்தம் போட்டார்கள், 2023-ல் அது காலாவதியானது. டோக்லாம் மோதல் நடந்த 2017-ல் அந்தத் தகவல் வரவில்லை, 2018-ல்தான் மறுபடி வந்தது. செயற்கைக்கோளையும் உலக வானிலை மாதிரியையும் நம்பி ஓடும் கணிப்புக்கு இப்படி யாருடைய தயவும் தேவையில்லை.

பங்களாதேஷ் இதைப் பயன்படுத்திக்கொண்ட விதம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய ஒன்று. வெள்ளம் வந்து, படம் பிடித்து, நன்கொடை கேட்டு, பணம் சேர்ந்து, கடைசியில் நிவாரணம் போய்ச் சேர்வதுதான் வழக்கமான வரிசை. 2020-ல் ஐ.நா.வின் மத்திய அவசர நிதியம் வேறு மாதிரி ஒரு ஏற்பாட்டை முன்கூட்டியே எழுதி வைத்தது. ஜமுனா ஆற்றின் (பிரம்மபுத்திராவுக்கு பங்களாதேஷில் இதுதான் பெயர்) பகதூராபாத் அளவை நிலையத்தில் பெருவெள்ளம் வர இன்ன அளவு வாய்ப்பு இருப்பதாக குளோஃபாஸ் காட்டினால் ஆயத்த வேலை தொடங்கும். பங்களாதேஷின் வெள்ள முன்னறிவிப்பு மையம் தன் குறுகிய காலக் கணிப்பில் அதை உறுதி செய்தால் உதவி போய்ச் சேரும். இரண்டு படி, இரண்டு கணிப்பு. யாரும் கூட்டம் போட்டு விவாதிக்க வேண்டியதில்லை.

அந்த ஆண்டு ஜூலை 4-ம் தேதி முதல் எல்லை எட்டப்பட்டது. 52 லட்சம் டாலர் விடுவிக்கப்பட்டது. உச்ச வெள்ளம் வருவதற்குள் 23,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களின் கைபேசிக்குத் தலா 4,500 டாக்கா (அந்நாட்டு நாணயம்) போய்ச் சேர்ந்தது. பின்னால் வந்த வெள்ளம், 1998-க்குப் பிறகு நீண்ட நாள் நீடித்த வெள்ளங்களில் ஒன்று. பணம் கிடைத்த குடும்பங்கள், ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருக்க நேர்வது 36 சதவீதம் குறைவு என்று பிற்பாடு நடந்த ஆய்வு சொன்னது. கணிப்பு அன்று கொஞ்சம் பிசகியிருந்தால்? பணம் வீணாகியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஏழைக் குடும்பங்களுக்குத்தானே போயிருக்கும். பொய் எச்சரிக்கையின் விலை என்னவென்று முதலிலேயே யோசித்து, அது தாங்கக்கூடியதுதான் என்று ஒப்புக்கொண்டதில்தான் அந்தத் திட்டத்தின் பலம் இருக்கிறது.

ஜெர்மனியின் ஆர் பள்ளத்தாக்கில் 2021 ஜூலையில் நடந்தது இதற்கு நேர்மாறு. ஐரோப்பாவுக்கென்று 2012 முதலே தனி வெள்ள முன்னறிவிப்பு அமைப்பு உண்டு. ரைன் வடிநிலத்துக்கு அது ஜூலை 10-ம் தேதியே எச்சரிக்கை கொடுத்தது. ஆனால் ஆர் ஒரு சின்ன ஆறு, வடிநிலம் சுமார் 900 சதுர கிலோமீட்டர்தான். அந்த அமைப்பின் முறையான முன்னெச்சரிக்கைகள் இன்னும் பெரிய வடிநிலங்களுக்கானவை. ஜெர்மனிக்குள்ளேயே வெளியான உள்ளூர் எச்சரிக்கைகளும் மக்கள் வீட்டை விட்டு வெளியேறும் அளவுக்குச் செயலாக மாறவில்லை. ஆல்ட்டெனார் அளவை நிலையத்தில் அதுவரை பதிவான உச்சம் 2016-ல் 3.71 மீட்டர். 2021 ஜூலை 14 இரவு 5.75 மீட்டரைக் காட்டிவிட்டு அந்த அளவுமானியே அடித்துச் செல்லப்பட்டது. பள்ளத்தாக்கில் 130-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

சிறு ஆறுகள் ஒரு பலவீனம் என்றால், அணைகள் இன்னொன்று. உலகில் 58,000-க்கும் மேற்பட்ட பெரிய அணைகள் இருக்கின்றன. உலக மாதிரிகளில் அவற்றில் மிகச் சிறு பகுதிதான் இடம்பெறுகிறது, அதுவும் தோராயமான விதிகளோடு. அணைக்குக் கீழே ஓடும் ஆற்றைத் தீர்மானிப்பது மழையைவிட மதகு. அந்த மதகை எப்போது திறப்பார்கள் என்பதை எந்த வானிலை மாதிரியும் சொல்லாது. மூன்றாவது பலவீனம், சரிபார்க்கத் தரவு இல்லாதது. ஜெர்மனியின் கோப்லென்ஸில் 1988 முதல் இயங்கும் உலக நீரோட்டத் தரவு மையத்தில் 10,000-க்கும் மேற்பட்ட நிலையங்களின் பதிவுகள் உண்டு. ஆனால் 1980-களுக்குப் பிறகு அங்கு வந்து சேரும் புதிய தரவு குறைந்துகொண்டே வந்திருக்கிறது. நிலையங்கள் மூடப்பட்டன, இருப்பவற்றின் தரவைப் பல நாடுகள் தருவதில்லை. அமெரிக்காவின் நாசாவும் பிரான்சின் விண்வெளி மையமும் 2022 டிசம்பரில் ஏவிய 'ஸ்வாட்' செயற்கைக்கோள் சுமார் 100 மீட்டருக்கு மேல் அகலமான ஆறுகளின் நீர்மட்டத்தை வானிலிருந்தே அளக்கிறது. உதவிதான். ஆனால் ஒரே பாதைக்குத் திரும்பிவர அதற்கு மூன்று வாரம் ஆகும்.

அளவை நிலையமே இல்லாத ஆறுகளுக்கு இப்போது இயந்திரக் கற்றல் வந்திருக்கிறது. கூகுளின் ஆய்வாளர்கள் 5,680 அளவை நிலையங்களின் பதிவுகளைக் கொண்டு ஒரு நரம்பியல் வலைப்பின்னலைப் பழக்கினார்கள். ஒரு வடிநிலத்தில் மழை, மண், சரிவு இவற்றுக்கும் நீரோட்டத்துக்கும் உள்ள தொடர்பைக் கற்றுக்கொண்டு, இதுவரை அளக்காத இன்னொரு வடிநிலத்துக்குப் பொருத்திச் சொல்கிறது அது. 2024 மார்ச்சில் 'நேச்சர்' இதழில் வெளியான அவர்களுடைய முடிவின்படி, பெருவெள்ளத்தை ஐந்து நாள் முன்னால் இது சொல்வது, குளோஃபாஸ் அன்றைக்கே சொல்வதற்கு ஈடாக இருக்கிறது. பெரிய முன்னேற்றம், சந்தேகமில்லை. ஆனால் இந்தப் பெட்டியிலிருந்து வருவதும் ஒரு கணிப்புதான். மதகு விவகாரத்தில் நாம் நின்ற இடத்திலேயே நிற்கிறோம்.

மெண்டோசினோவில் அந்த இடத்தைத் தாண்டினார்கள். 2013 வறட்சிக்குப் பிறகு உள்ளூர் நீர் வாரியம், ராணுவப் பொறியாளர் படை, சான் டியேகோவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் என்று எல்லோரும் ஒரு மேசையில் உட்கார்ந்தார்கள். அந்தப் பகுதியில் பெருவெள்ளத்தைக் கொண்டுவருவது பசிபிக்கிலிருந்து நீண்ட பட்டையாக வரும் ஈரக்காற்று. வளிமண்டல ஆறு என்று அதைச் சொல்கிறார்கள். அது வருகிறதா என்று தெரிந்துகொள்ள, சூறாவளிக்குள் பறக்கும் விமானப்படை விமானங்களையே குளிர்காலத்தில் கடலுக்கு மேல் அனுப்புகிறார்கள்.

அவர்கள் கண்டுகொண்ட விஷயம் சுவாரசியமானது. எத்தனை மில்லிமீட்டர் கொட்டும் என்று துல்லியமாகச் சொல்வது கடினம். அடுத்த ஐந்து நாளில் பெரிதாக எதுவும் வராது என்று சொல்வது அவ்வளவு கடினமில்லை. அணைக்கு வேண்டியது இந்த இரண்டாவதுதான். தேவைப்பட்டால் சில நாட்களில் இறக்கிவிடக்கூடிய அளவு தண்ணீரை, எதுவும் வரவில்லை என்றால் வைத்துக்கொள்ளலாம். பல எதிர்காலங்களில் எத்தனை சதவீதத்தில் அணை அபாய மட்டத்தைத் தாண்டினால் திறக்க வேண்டும் என்பதை நாள்வாரியாக எழுதினார்கள். பத்து நாள் தள்ளி இருக்கும் ஆபத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம், நாளைக்கு இருப்பதைப் பொறுக்க முடியாது. இதற்குப் பொறியாளர் படை தற்காலிக விதிவிலக்கு கொடுத்தது. 2020 கடும் வறட்சி ஆண்டு. பழைய கையேட்டின்படி மிஞ்சியிருக்கக்கூடியதைவிட 19 சதவீதம் கூடுதலாக, கிட்டத்தட்ட அரை டிஎம்சி, அந்த ஆண்டு ஏரியில் தங்கியது. ஒரு மூட்டை சிமெண்ட்கூடச் செலவில்லை. இப்போது கலிஃபோர்னியாவின் வேறு அணைகளிலும் இந்த முறையை ஆராய்கிறார்கள்.

அந்த எழுத்து வேலை ஏன் முக்கியம் என்றால், அது அதிகாரியைக் காப்பாற்றுகிறது. கையேட்டின்படி திறந்து வறட்சி வந்தால் யாரும் அவரைக் கேட்க மாட்டார்கள். கணிப்பை நம்பித் திறந்து மழை வராமல் போனால், தண்ணீரைக் கடலுக்கு விட்டவர் என்ற பழி வாழ்நாள் முழுக்க நிற்கும். திறக்காமல் வைத்திருந்து மழை வந்தால் அதைவிட மோசம். 2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வெளியேறியதையும், முன்பே ஏன் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கவில்லை என்று இன்றுவரை கேட்கப்படுவதையும் சென்னைக்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. எந்த வாய்ப்பு அளவில் திறக்கலாம் என்று முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திடாத ஊரில், இந்த முடிவை ஒரு தனி மனிதரின் துணிச்சலுக்கு விட்டுவிடுகிறோம்.

வெள்ளத்தை விட்டு, பங்கீட்டுக்கு வருவோம். கணிப்பைச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுபோய் வைத்த ஆறு கொலராடோ. அங்கே பெரிய அணைகளை நிர்வகிக்கும் அமெரிக்க மீட்பு வாரியம் ஒவ்வொரு மாதமும் அடுத்த 24 மாதத்துக்கான கணிப்பை வெளியிடுகிறது. 2007-ல் செய்த ஏற்பாட்டின்படி, ஆகஸ்ட் மாதக் கணிப்பில் வரும் ஜனவரி 1-ம் தேதி அதே ஆற்றின் இன்னொரு நீர்த்தேக்கமான மீட் ஏரியின் மட்டம் 1,075 அடிக்குக் கீழே போகும் என்று வந்தால் பற்றாக்குறை அறிவிக்கப்படும், யாருக்கு எவ்வளவு வெட்டு என்பதும் எழுதியே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் முதன்முறையாக அது நடந்தது. அடுத்த ஆண்டுக்கு அரிசோனா தன் பங்கில் 18 சதவீதத்தை இழந்தது, நம் கணக்கில் சுமார் 22 டிஎம்சி. நெவாடாவுக்கு 7 சதவீதம், மெக்சிகோவுக்கு 5 சதவீதம். அரிசோனாவின் பினால் கவுண்டி விவசாயிகள் நிலத்தைத் தரிசு போட்டார்கள். கசப்பான முடிவுதான். ஆனால் விதைப்பதற்கு முன்பே தெரிந்திருந்தது.

காவிரியில் அந்த 'முன்பே' இல்லை. 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி கர்நாடகம் ஆண்டுக்கு 177.25 டிஎம்சியை பிலிகுண்டுலுவில் தர வேண்டும், மாதவாரி அட்டவணையும் உண்டு. அந்த அட்டவணை சராசரி ஆண்டுக்கானது. மழை பொய்த்த ஆண்டில் எப்படிப் பகிர்வது என்பது ஒவ்வொரு முறையும் சண்டை. ஒழுங்காற்றுக் குழு, அதுவரை அணைகளுக்கு வந்த நீரை 30 ஆண்டு சராசரியோடு ஒப்பிட்டுப் பற்றாக்குறையைக் கணக்கிடுகிறது. அதாவது நடந்து முடிந்ததை வைத்து. 2023 ஜூன் 12 அன்று மேட்டூரில் 103 அடிக்கு மேல் நீர் இருந்தது, வழக்கப்படி திறந்தார்கள், குறுவை நட்டார்கள். பருவமழையைக் குறைக்கக்கூடிய எல் நினோ உருவாகிக்கொண்டிருக்கிறது என்பது அப்போது உலகமே அறிந்த செய்தி. அந்த ஆகஸ்ட், 1901-க்குப் பிறகு இந்தியாவின் மிக வறண்ட ஆகஸ்ட். கடைமடையில் பயிர் காய்ந்தது, அக்டோபர் 10 அன்று அணை மூடப்பட்டது. மறு ஆண்டு நேரெதிர். ஜூன் 12-ல் திறக்கத் தண்ணீர் இல்லை. ஜூலை 28-ல் திறந்தார்கள், 30-ம் தேதி அணை 120 அடியைத் தொட்டது, பிறகு கொள்ளிடம் வழியாக லட்சம் கன அடிக்கு மேல் கடலுக்குப் போனது.

பருவகாலக் கணிப்பு இருந்திருந்தால் இரண்டையும் தவிர்த்திருக்கலாமா? அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. இந்திய வானிலைத் துறை 2023-க்கு 96 சதவீத மழை, 2024-க்கு 106 சதவீத மழை என்று ஏப்ரலிலேயே சொன்னது, நாடு முழுமைக்கும் அது பெரிதும் தவறவில்லை. ஆனால் காவிரிக்கு வேண்டியது குடகிலும் வயநாட்டிலும் என்ன பெய்யும் என்பது. அதற்கும் கீழே, கிருஷ்ணராஜ சாகரையும் கபினியையும் எந்த மட்டத்தில் வைக்கிறார்கள் என்பது. இரண்டு மாநிலமும் ஒரே கணிப்பை ஏற்றுக்கொண்டு, இத்தனை சதவீத வாய்ப்பு இருந்தால் குறுவைப் பரப்பு இவ்வளவு, அங்கே நெல்லும் கரும்பும் இவ்வளவு என்று மே மாதமே பேசி முடிக்கும் நாளைக் கற்பனை செய்வதே சிரமமாக இருக்கிறது. எந்தக் கணிப்பை எடுப்பது என்பதே அடுத்த வழக்காகும்.

இந்தச் சந்தேகம் கொலராடோவையும் இப்போது பிடித்திருக்கிறது. 2007 ஏற்பாடு 2026 முடிவில் காலாவதியாகிறது. 24 மாதக் கணிப்பு பல ஆண்டுகள் நிலவரத்தை நல்லபடியாகவே காட்டிவந்தது, அதனால் வெட்டு தாமதமானது என்ற குற்றச்சாட்டு அங்கே உண்டு. 30 ஆண்டுச் சராசரியை அடிப்படையாகக் கொண்ட கணிப்பு, ஆறு ஆண்டுக்கு ஆண்டு மெலிந்துவரும் காலத்தில் அப்படித்தான் காட்டும். அதனால் 2025-ல் ஆற்றைப் பகிரும் ஏழு மாநிலங்களின் பேச்சுவார்த்தைக்கு ஒரு புது யோசனை வந்தது. கணிப்பையே விட்டுவிட்டு, லீஸ் ஃபெரி என்ற இடத்தில் கடந்த மூன்று ஆண்டுகளில் வந்த இயற்கையான நீரோட்டத்தின் சராசரியில் ஒரு பங்கை மட்டும் பாவெல் ஏரியிலிருந்து கீழே விடலாம் என்பது அது. எத்தனை சதவீதம் என்பதில்தான் மேல்பகுதி மாநிலங்களுக்கும் கீழ்ப்பகுதி மாநிலங்களுக்கும் உடன்பாடு வரவில்லை.